பூனை மணலை எங்கே போடுவது?

கேள்வி:

திருமுல்லைவாயலில் அரை கிரவுண்டு மனையில் எங்கள் சொந்த வீடு. கீழே நானும் கணவரும், மாடியில் மகனும் மருமகளும். இரண்டு பூனைகள் வளர்க்கிறோம். முன்பு வெளியே போய் வந்துகொண்டிருந்தன. தெருவில் நாய்த்தொல்லையும் வண்டிப் போக்குவரத்தும் கூடிவிட்டதால் இப்போது வீட்டுக்குள்ளேயே வைத்து, ட்ரேயில் மணல் போட்டுப் பழக்கியிருக்கிறோம். கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல்தான். ஆரம்பத்தில் அள்ளியதை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். சில வாரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. அப்புறம் தென்னைமரத்தடியில் புதைத்தோம். கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டாம் என்கிறார் கணவர். மக்கும் குப்பையில் போட்டால் வண்டியில் வரும் அம்மா வாங்க மறுக்கிறார். டோஃபு மணல் வாங்கினால் தாராளமாக டாய்லெட்டில் போடலாம் என்கிறார் கடைக்காரர். இதற்கிடையில் மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். பூனைகளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று சம்பந்தி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?

ஒரு வாசகி, திருமுல்லைவாயல்

பதில்:

பூனைகளை எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய பூனை தெருவில் பிழைப்பது கடினம். மருமகளின் பாதுகாப்புக்கு அது அவசியமும் இல்லை. அவசியமானவை இரண்டு பழக்கங்கள். ஒன்று, மணலைத் தினமும் தவறாமல் அள்ளுவது. இரண்டு, அள்ளியதை இறுகக் கட்டி, மேலே அடையாளம் போட்டு, மற்ற குப்பையோடு கலக்காமல் வண்டியில் கொடுப்பது. டாய்லெட், மக்கும் குப்பை, கிணற்றடி மண், நெருப்பு ஆகிய நான்குக்கும் அது போகக் கூடாது. காரணங்களைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் வீட்டில் எல்லோரும் விடாமல் கடைப்பிடிப்பீர்கள்.

மருமகளும் பூனையும்

சம்பந்தி வீட்டார் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதல்முறையாகத் தொற்றினால் கருவில் இருக்கும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். இந்த ஒட்டுண்ணி ஆடு, கோழி, எலி, மனிதர் என்று பல உடல்களில் வாழும். ஆனால் அதன் முட்டைகள் உருவாவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது நேரக் கணக்கு. எலியையோ பறவையையோ வேகாத இறைச்சியையோ தின்று முதல்முறை தொற்று வாங்கிய பூனை, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் இந்த முட்டைகளை வெளியேற்றும். அதன் பிறகு எதிர்ப்புச் சக்தி வந்து பெரும்பாலும் நின்றுவிடும். அப்படி வெளியேறும் முட்டையும் உடனே தொற்றாது. அது முதிர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே 24 மணி நேரத்துக்குள் மலத்தை அள்ளி அப்புறப்படுத்திவிட்டால், முட்டை ஆபத்தான நிலைக்கு வரும் முன்பே வீட்டைவிட்டுப் போய்விடும். வாரம் ஒரு முறை மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விடும் வீட்டில்தான் ஆபத்து.

மருமகள் ட்ரே பக்கம் போக வேண்டாம். உங்கள் கணவரோ மகனோ தினமும் காலையில் அள்ளட்டும். அவர்கள் ஊரில் இல்லாத நாளில் நீங்கள் அள்ளுங்கள். அள்ளியவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுப்படிக்குள் வரக் கூடாது. பூனையைத் தொடுவது, மடியில் வைத்துக்கொள்வது இவற்றால் இந்த நோய் வருவது மிக அரிது. மனிதர்களுக்கு அதிகம் வருவது சரியாக வேகாத ஆட்டுக்கறி, கழுவாத கீரை, காய்கறி, தோட்டத்து மண் பட்ட கை ஆகியவற்றால். மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லுங்கள். முன்பே தொற்று வந்துபோயிருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். முன்பே வந்துபோயிருந்தால் பெரும்பாலும் குழந்தைக்குப் பயமில்லை.

பூனைக்குப் பச்சைக் கோழிக்குடல், கறிக்கடைக் கழிவு கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வேகவைத்துக் கொடுங்கள், அல்லது பாக்கெட் தீனி கொடுங்கள். உள்ளேயே வளர்ந்து, வெந்த உணவு மட்டும் தின்னும் பூனைக்கு இந்தத் தொற்று வர வழி மிகக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கால்நடை மருத்துவர் சொல்லும் குடற்புழு மருந்தும் கொடுத்துவாருங்கள். பூனையின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும்.

பொட்டலம் கட்டியதும் முட்டை முதிர்வது நிற்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். காலையில் அள்ளியதால் உங்கள் வீடு தப்பியது. அந்த முட்டைகள் முதிரப்போவது குப்பை வண்டியிலும் கிடங்கிலும், அதைப் பிரிக்கும் கையிலும்தான். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

டாய்லெட்டில் ஏன் கூடாது

நீங்கள் வாங்கும் கட்டியாகும் மணல், பென்டோனைட் என்னும் களிமண். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளில் வெட்டி எடுக்கிறார்கள். தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்புவது இதன் இயல்பு. பாலத்துக்கும் அடுக்குமாடிக்கும் பைலிங் போடும்போது குழியின் சுவர் சரியாமல் தாங்கிப் பிடிக்க ஊற்றும் குழம்பும் இதே பென்டோனைட்தான். மண்சுவரையே பிடித்து நிறுத்துகிற பொருள் உங்கள் வீட்டு நான்கு அங்குலக் குழாயில் என்ன செய்யும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். குழாயைத் தாண்டிப் போனாலும் செப்டிக் டேங்கின் அடியில் கனமாகப் படியும். லாரிக் குழாய் உறிஞ்சத் திணறும். அப்போது யாராவது ஒருவரை உள்ளே இறங்கச் சொல்லும் நிலை வரும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் நம் மாநிலத்தில் செப்டிக் டேங்கில் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

டோஃபு மணல் சோயாக் கழிவிலிருந்து செய்வது. தண்ணீரில் கரையும், குழாயை அவ்வளவாக அடைக்காது. கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் மணல் கரையுமே தவிர மலத்தில் உள்ள முட்டை கரையாது. தண்ணீரைச் சுத்திகரிக்கக் கலக்கும் குளோரின் அளவு அதை ஒன்றும் செய்யாது. ஈரமான இடத்தில் ஓராண்டுக்கு மேலும் அது உயிரோடு இருக்கும்.

தண்ணீரோடு இந்த ஒட்டுண்ணி பரவினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2004-05-இல் கோயம்புத்தூரில் கண்ணின் உள்ளே அழற்சி ஏற்பட்டுப் பார்வை மங்கிப் பலர் அடுத்தடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்று தெரிந்தது. அப்படிப் பாதிக்கப்பட்ட 248 பேரைப் பற்றி மருத்துவர்கள் பின்னர் ஆய்விதழில் எழுதினார்கள். குடிநீர் மாசுபட்டதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. கனடாவின் விக்டோரியா நகரில் 1995-இல் இதுபோல நோய் பரவியபோதும் நகரக் குடிநீரைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினார்கள். கலிஃபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இதே ஒட்டுண்ணியால் செத்தன. கரையிலிருந்து ஓடிவரும் நீரோடு அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். பூனை மணலை டாய்லெட்டில் போட வேண்டாம் என்று பையின் மீதே அச்சிட வேண்டும் என 2006-இல் அங்கே சட்டம் வந்தது.

நம் பக்கத்து நிலைமையை நினைத்துப் பாருங்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பூந்தமல்லியை ஒட்டியிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கே குடிநீர் தருகிறது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க் நிரம்பினால் மழைநீர் வடிகாலில் திறந்துவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உங்கள் டாய்லெட்டில் போனது பத்திரமாக எங்கோ போய்விட்டது என்று இங்கே நம்ப முடியாது.

'மக்கும்' என்று பையில் எழுதியிருந்தாலும்

டோஃபு, மரத்தூள், பைன் உருண்டை, தென்னை நார்த்தூள் எல்லாம் மக்கும் பொருள்கள்தான். அதனால் பலர் பயன்படுத்திய மணலைக் காய்கறித் தோலோடு சேர்த்துப் பச்சைக் கூடையில் போடுகிறார்கள். மக்கும் குப்பை நுண்ணுரம் தயாரிக்கும் மையத்துக்குப் போகிறது. அங்கே கையால் கிளறுகிறார்கள், சலிக்கிறார்கள். அந்த உரம் கீரைப் பாத்திக்கும் மாடித்தோட்டத்துக்கும் வருகிறது. இந்த முட்டைகள் சாக வேண்டுமென்றால் குவியல் முழுவதும் 60 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். பெரிய குவியலை முறையாகப் புரட்டிப் போட்டால் அந்தச் சூடு வரும். மொட்டைமாடி டிரம்மிலும் தெருமுனைத் தொட்டியிலும் வருவது கடினம். வண்டியில் வரும் அம்மா மறுப்பது நியாயம்தான். அவர் செய்யும் வேலையின் பாதுகாப்பு அவருக்குத் தெரிகிறது.

தென்னைமரத்தடி

உங்கள் கணவர் சொல்வதே சரி. அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. அதற்குள் வீடு, கிணறு, செப்டிக் டேங்க், தென்னை எல்லாம் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஒரு கையளவு ஆழத்துக்கு ஏறிவிடுகிற பகுதி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் மூழ்கியதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட வெள்ளத்தில் புதைத்தது புதைத்த இடத்தில் நிற்காது. களிமண் மணலாக இருந்தால் அது மக்குவதும் இல்லை, மரத்தின் வேரடியில் இறுகி நீர் இறங்குவதையும் கெடுக்கும்.

கிணறும் போர்வெல்லும் இல்லாத பெரிய தோட்டம் இருப்பவர்கள், மரத்தூள் போன்ற மணலில் மலத்தை நீக்கிவிட்டு, சிறுநீர் பட்ட தூளை மட்டும் பூச்செடிக்கோ நிழல்மரத்துக்கோ குழியில் போட்டு மூடலாம். ஒன்றரை ஆண்டு அதைக் கிளறக் கூடாது. கீரை, புதினா, தக்காளி பக்கமே போகக் கூடாது. உங்கள் மனைக்கு இது பொருந்தாது.

எரிப்பதும் வேண்டாம். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி தவறு. ஈரக்களிமண் எரியாது. கட்டிய பிளாஸ்டிக் கவர்தான் புகையும்.

பொட்டலம் கட்டும் முறை

நாளிதழில் இரண்டு முழுத்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். ஓட்டைக்கரண்டியால் கட்டிகளையும் மலத்தையும் அள்ளி, தூசி பறக்காமல் தாழ வைத்துச் சரித்து நடுவில் போடுங்கள். நான்கு பக்கமும் மடித்து உருட்டினால் ஈரத்தைக் காகிதம் இழுத்துக்கொள்ளும். அதை ஒரு கவருக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கழுத்தை முறுக்கிச் சணல் கயிற்றால் கட்டுங்கள்.

கவருக்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேரும் கவர்களே போதும். கோதுமை மாவு வந்த பை, கூரியர் கவர், பூனைத்தீனி வந்த கனத்த பை எல்லாம் நல்லவை. அரை லிட்டர் பால் கவரில் ஒரு பூனையின் ஒரு நாள் கழிவு அடங்கும். கிழிசல் மட்டும் இருக்கக் கூடாது.

பிறகு சிவப்பு மார்க்கரால் மேலே ஒரு பெரிய வட்டம் போட்டு 'பூனைக் கழிவு' என்று எழுதுங்கள். புனே, பெங்களூரு போன்ற ஊர்களில் நாப்கின், டயப்பர் பொட்டலத்தின்மேல் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தன்னார்வலர்கள் பரப்பினார்கள். பிரிப்பவர் பொட்டைப் பார்த்ததும் அவிழ்க்காமல் ஒதுக்கிவிடலாம். அதே அடையாளம் இங்கேயும் உதவும்.

ட்ரே மணலை மொத்தமாக மாற்றும் நாளில் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். களிமண் கனமானது. ஒரு கையால் தூக்கும் அளவுக்கு, இரண்டு கிலோவுக்கு மேல் போகாமல் பிரித்துக் கட்டி, சில நாள்களில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பூனைகள் இரண்டு என்பதால் ட்ரே மூன்று வைப்பது நல்லது. தினமும் அள்ளினால் கட்டியாகும் மணலை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

குப்பையின் கனத்தைக் குறைக்க விரும்பினால் மரத்தூளுக்கு மாறலாம். மர அறுவை மில்லில் மலிவாகக் கிடைக்கும். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். புதிய மணலைப் பழைய மணலோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றினால் பூனை ஏற்றுக்கொள்ளும். தெருவில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் மணலை அள்ளி வராதீர்கள். ஊர்ப் பூனையெல்லாம் போய்வருகிற இடம் அது. பக்கத்தில் வீடு கட்டுபவரிடம் இரவில் மணல் குவியல்மேல் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். அதில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது நல்லது.

ட்ரேயைக் கழுவும்போது

இதில் ஓர் எச்சரிக்கை. பூனைச் சிறுநீரில் அம்மோனியா இருக்கிறது. அதன்மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பினாயில் போல, தண்ணீரில் ஊற்றியதும் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளும் வேண்டாம். அவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. காலில் பட்டதை நக்கியே நஞ்சாகும்.

ட்ரேயைக் காகிதத்தால் வழித்துத் துடைத்து, அந்தக் காகிதத்தையும் பொட்டலத்தில் சேருங்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் விட்டு, சோப்பால் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். குளோரினுக்குச் சாகாத முட்டை கொதிநீருக்குச் சாகும். துர்நாற்றத்துக்கும் தினமும் அள்ளுவதைவிட நல்ல மருந்து இல்லை.

எந்தக் கூடை, எந்த நாள்

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், நாப்கின், டயப்பர் போன்றவற்றைச் சுற்றிக் கட்டி மக்காத குப்பையோடு கொடுக்கச் சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் கழிவு, உலர் கழிவு, சானிட்டரி கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு. பூனை மணலின் இயல்புக்கு மிக நெருக்கமானது சானிட்டரி கழிவுதான். உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் அதற்குத் தனி டப்பா இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் மக்காத குப்பையோடு கொடுங்கள். ஆனால் அட்டையும் பாட்டிலும் கிடக்கிற பைக்குள் திணிக்காமல் தனிப் பொட்டலமாகக் கையில் கொடுங்கள். திருமுல்லைவாயல், 2019-இல் உருவான ஆவடி மாநகராட்சியில் வருகிறது. சந்தேகம் இருந்தால் வார்டு அலுவலகத்தில் துப்புரவு ஆய்வாளரைக் கேளுங்கள். அம்பத்தூர் மண்டலத்தில் இருப்பவர்கள் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம்.

மழை நாளில் வண்டி வராமல் போகும். அதற்காக மூடியுள்ள பழைய பெயின்ட் பக்கெட் ஒன்றைத் தயாராக வையுங்கள். கட்டிய பொட்டலங்களை அதில் போட்டு அழுத்தி மூடி, தண்ணீர் ஏறாத உயரத்தில், மாடிப்படித் திருப்பத்தில் வைக்கலாம். தெருமுனையில் வைத்துவிட்டு வருவது மட்டும் கூடாது. நாயும் மாடும் காக்கையும் சில நிமிடத்தில் கிழித்துவிடும்.

கடைசியாக, அந்த அம்மாவைப் பற்றி. அவர் மறுத்ததற்குக் கோபப்படாமல் நாளைக் காலையில் நீங்களே வாசலில் நின்று பேசுங்கள். "இதில் பூனைக் கழிவு இருக்கும்மா, சிவப்பு வட்டம் போட்டிருக்கேன், பிரிக்காம அப்படியே போட்டுடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். எந்த டப்பாவில் போட வசதி என்று அவரையே கேளுங்கள். அவர் கையில் கையுறை இல்லையென்றால் அதை மாநகராட்சிக்குத் தெரிவிப்பதும் குப்பை கொடுக்கும் நம்முடைய வேலைதான். உங்கள் மருமகளின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்காக எவ்வளவு கவனம் எடுக்கிறீர்களோ, அவ்வளவு கவனத்துக்கு அவரும் அவர் வீட்டுப் பிள்ளைகளும் உரியவர்கள். பூனையை வீட்டுக்குள் வைத்துப் பத்திரமாக வளர்க்க முடிவெடுத்தவர் நீங்கள். அதனால் வரும் கூடுதல் வேலை தினமும் கால்மணி நேரம்கூட இல்லை. அதை உங்கள் வீட்டோடு முடித்துக் கொடுங்கள். சம்பந்தி வீட்டாருக்கும் இதையே சொல்லுங்கள்: பூனைகள் இருக்கட்டும், ட்ரேயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.